கொடியை விட்டுப் போன சட்டை

எண்பத்தாறாம் ஆண்டின் தொடக்கத்தில் கொக்குவிலில் எங்கள் வாசிகசாலை ஒரு கார்ட்டூன் படவிழா நடத்தியது. ஷெல் விழுகிற ஊரில் கார்ட்டூன் என்ன வேண்டிக்கிடக்கு என்று அன்றைக்கே பலர் கேட்டார்கள். கேட்டவர்களுக்கு நான் கூட்டத்தில் எழுந்து நின்று பெரிய பதில் ஒன்று சொன்னேன். நல்ல படம் என்றால் ரவுணில் இருப்பவர்கள் மட்டும்தான் பார்ப்பதா, தோட்டக்காரர் பார்க்கக்கூடாதா, கடலுக்குப் போகிறவர் பார்க்கக்கூடாதா, எந்த மொழிக்காரருக்கும் விளங்குவது கீறின படம்தானே, அதைச் சனம் இருக்கிற இடத்துக்கு நாங்கள்தான் கொண்டுபோக வேண்டும் என்று முழங்கினேன். கை தட்டினார்கள். நான் சொன்னதில் பொய் இல்லை, இன்றைக்கும் அதை நம்புகிறேன். ஆனால் விழாவின் கடைசி நாள் யாழ்ப்பாணக் கரையோரத்துக் கொழும்புத்துறையில்தான் நடக்க வேண்டும் என்று நான் பிடித்த பிடிக்குக் காரணம் கலை அல்ல. அவளுடைய வீடு அங்கே இருந்தது.

அப்போது நான் ஒரு ரியூட்டறியில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அவள் அதே இடத்தில் ஆங்கிலம் படிப்பித்தாள். நடுவில் ஒரு தட்டி. அந்தப் பக்கம் அவள் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவது இந்தப் பக்கம் கேட்கும். என்னுடைய வகுப்பில் அந்த வருடம் பலபேர் கணக்கில் கோட்டை விட்டதற்குப் பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல முடியாது. அவள் என்னை "மாஸ்டர்" என்பாள், நான் அவளை "ரீச்சர்" என்பேன். அதற்கு மேல் ஒரு அடி நான் எடுத்து வைக்கவில்லை. அவளுடைய தகப்பன் கடற்தொழில் செய்பவர், கத்தோலிக்க வேதக்காரக் குடும்பம். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை தவறாமல் தோய்ந்து விபூதி பூசிக் கோயிலுக்குப் போகிறவர்கள். நான் வாய் திறந்திருந்தால் குசினிச் சட்டிபானை எல்லாம் முற்றத்துக்கு வந்திருக்கும்.

மாசி மாதம் அவளுக்கு நோர்வேயில் படிக்க இடம் கிடைத்தது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துப் பெடியள் பலர் அப்படிப் போனார்கள். போனவர்கள் திரும்பி வந்ததாக நான் அறியவில்லை. அவள் போவதற்கு முன் ஒரேயொரு வசனம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். போங்கோ, ஆனால் திரும்பி வாங்கோ. அவ்வளவுதான். அதைத் தெருவில் நின்று சொல்ல முடியாது, ரியூட்டறியில் தட்டிக்கும் காது இருந்தது. ஊரே திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு இருட்டுக் கொட்டிலில், அடுத்த வாங்குப் பலகையில் இருந்துகொண்டு மெல்லச் சொல்லிவிடலாம். படவிழா என்கிற யோசனையே அப்படித்தான் எனக்கு வந்தது.

படங்கள் கொழும்பில் இருந்தன. வெளிநாட்டுத் தூதரகங்கள் சில, பதினாறு மில்லிமீற்றர் றீல்களை ஒரு கிழமைக்குச் சும்மா தரும். அவள் விசா விசயமாகக் கொழும்பு போனபோது வாசிகசாலை அந்தப் பொறுப்பை அவளிடமே கொடுத்தது. ஐந்து தகரப் பெட்டிகளை மடியிலும் காலடியிலும் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். ஆனையிறவில் ஆமிக்காரர் எல்லாரையும் இறக்கிச் சோதித்தபோது ஒருவன் பெட்டியைத் திறக்கச் சொன்னானாம். றீலை ஒரு முழம் இழுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தானாம். யாழ்ப்பாண பஸ் ஸ்ராண்டில் இறங்கியவுடன் அவள் எனக்குச் சொன்ன முதல் கதை அதுதான்.

"அவன்ரை தோளுக்கு மேலாலை நானும் எட்டிப் பாத்தனான் மாஸ்டர். ஒரு கொடியிலை ஒரு சட்டை. திரும்பத் திரும்ப அதே சட்டை. அவன் என்னைப் பாத்து, இதென்ன எல்லாம் ஒண்டுதானே எண்டு கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. ஆனா வடிவாப் பாத்தா ஒண்டில்லை. ஒவ்வொண்டிலையும் கை கொஞ்சம் கொஞ்சமாய் அசையுது."

"பாக்க ஆசையோ?"

"பின்னை? சுமந்து வந்தவளுக்கு இல்லாத ஆசையோ? கொழும்புத்துறைக்குக் கொண்டு வாறியள்தானே, அங்கை முன்வாங்கிலை இருந்து பாக்கிறன்."

அடுத்த நாளே தாயோடு மடு மாதா கோயிலுக்குப் போய்விட்டாள். வெளிநாடு போவதற்கு முன்னம் மாதாவுக்கு ஒரு நேர்த்தி இருந்தது. போகிற அவசரத்தில் விழா எந்த நாள் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நாள் வைத்தது எங்கள் தலைவர். அவர் இளைப்பாறிய தபாலதிபர், நல்ல மனிதர். பஞ்சாங்கத்தைப் பார்க்காமல் தலைமயிரும் வெட்டமாட்டார். அவள் திரும்பி வர முன்னமே, கொழும்பில் நின்ற நாட்களில், குழு கூடிப் பஞ்சாங்கத்தை விரித்துவிட்டது. அட்டமி கூடாது, நவமி கூடாது, செவ்வாய் ஆகவே ஆகாது என்று ஒவ்வொன்றாகத் தள்ளி, ஞாயிறு கொக்குவில், புதன் சண்டிலிப்பாய், வெள்ளி கொழும்புத்துறை என்று முடிந்தது. "கடைசி நாள் வெள்ளியாய் அமைஞ்சது மங்களம்" என்றார் தலைவர். காலையில் இராகு காலம் இருந்தபடியால் பின்நேரம் இரண்டரை மணி. அன்றிரவு பஸ்ஸிலேயே றீல்கள் கொழும்புக்குத் திரும்ப வேண்டும். நாங்கள் அத்தனை பேரும் பஞ்சாங்கத்தைச் சரியாகத்தான் பார்த்தோம்.

பின்நேரம் என்றதும் வேறொரு கரைச்சல் வந்தது. இருட்டினால் ஒருவரும் வெளியே வராத காலம். ஆகவே பகலில்தான் படம் காட்ட வேண்டும். படத்துக்கோ இருட்டு வேண்டும். வாசிகசாலையில் கதவு யன்னல்களைச் சாத்திப் போர்வை தொங்கவிட்டுச் சமாளித்துவிட்டோம். சண்டிலிப்பாயில் பாடசாலை மண்டபத்துக்குக் கூரையும் தூணும்தான் உண்டு, சுவர் இல்லை. அப்போது எங்கள் லவுட்ஸ்பீக்கர் அண்ணைக்குத்தான் மூளை வேலை செய்தது. கோயில் திருவிழாவுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டுகிறவர் அவர். ஜெனறேற்றரும் அவருடையது, புரொஜெக்டரை ஓட்டியதும் அவர்தான்.

"புகையிலைக் குடில் கிடக்குதெல்லோ" என்றார்.

புகையிலைக்குப் புகை போடுகிற குடிலுக்கு மண்சுவர், யன்னல் கிடையாது, புகுந்து போகக் குனிகிற அளவில் ஒரு வாசல். புகை வெளியே போகக்கூடாதென்று கட்டிய இடத்துக்குள் வெளிச்சமும் வராது. புகையிலை வெட்ட இன்னும் இரண்டு கிழமை இருந்தது. குடில்காரர் கூட்டிப் பெருக்கிச் சாணம் மெழுகித் தந்தார். ஒரு வெள்ளை வேட்டியைச் சுவரில் அறைந்தோம். ஒரு தரத்துக்கு முப்பது பேர் என்று உள்ளே விட்டோம். வரிசை வேலி ஓரமாய் நீண்டு பக்கத்து மிளகாய்த் தோட்டம் வரைக்கும் போயிற்று. உள்ளே போனவர்கள் முதலில் தும்மினார்கள். போன வருடத்துக் காரம் சுவரில் அப்படியே இருந்தது. படத்துக்குப் பேச்சில்லை. தும்மலும் ஜெனறேற்றரின் இரைச்சலும்தான் பின்னணி.

அந்தச் சட்டைப் படம் அஞ்சாறு நிமிடம்தான் இருக்கும். ஒரு பெண் கொடியில் ஒரு சட்டையைக் காயப் போடுகிறாள். காற்றில் அது கழன்று தெருவில் இறங்கி நடக்கத் தொடங்குகிறது. தனக்கு அளவான ஆளைத் தேடுகிறது. லைற்றுக் கம்பத்தில் ஏறிப் பார்க்கிறது, தொங்குகிறது. ஒரு பொலிஸ்காரனின் வயிற்றில் மாட்டுப்படாமல் தெறித்து விழுகிறது. நாய் ஒன்று அதைப் போட்டுக்கொண்டு ஓடுகிறது. ஒருவருக்கும் அளவில்லை. பொழுதுபடத் தன்பாட்டில் வந்து பழைய கொடியில் ஏறித் தொங்குகிறது. அந்தப் பெண் எடுத்து மடித்து வைக்கிறாள். முடிந்தது.

நாய் வந்த இடத்தில் குடில் அதிர்ந்தது. ஒரு கிழவர் சிரித்துச் சிரித்து இருமி, வெளியே கொண்டுவர வேண்டியதாயிற்று. மூச்சு வந்தவுடன் மறுபடி வரிசையின் வாலில் போய் நின்றார். குடில்காரரின் மனைவி மட்டும் படம் முடிந்ததும் என்னிடம், "உவ்வளவையும் ஆரோ இருந்து கீறினவையோ தம்பி? ஒண்டொண்டாயோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். "வேலைவெட்டி இல்லாத ஆக்கள்" என்று சொல்லிவிட்டு அவரும் இரண்டாம் தரம் உள்ளே போனார். அந்தப் பகல் முழுக்க எனக்கு ஒரே நினைப்புத்தான். வெள்ளிக்கிழமை அவள் முன்வாங்கில் இருந்து இந்த நாயைப் பார்த்துச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பின் சத்தத்துக்குள் நான் என் வசனத்தைச் சொல்லிவிடுவேன்.

கொழும்புத்துறையில் வலை வைக்கிற கொட்டில் ஒன்று கிடைத்தது. கிடுகுச் சுவர். ஓட்டை ஓட்டையாய் வெயில் உள்ளே வந்தது. வெள்ளி காலையிலிருந்து நானும் அண்ணையும் அதைச் சுற்றிப் படங்கு கட்டினோம், பழைய பாய்ச்சீலை தொங்கவிட்டோம். உள்ளே நல்ல இருட்டு வந்தது. முன்வாங்கை நானே ஈரத்துணியால் துடைத்தேன். இரண்டரை மணியாயிற்று. ஒருவரும் இல்லை. சின்னப் பிள்ளைகள்கூட இல்லை. தெருவில் மட்டும் சனம் போய்க்கொண்டிருந்தது, எல்லாரும் ஒரே பக்கமாக. பெண்கள் தலையில் முக்காடு போட்டிருந்தார்கள்.

போய்க்கொண்டிருந்த ஒருவரை மறித்தேன். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"இண்டைக்குச் சிலுவைப்பாதை எல்லோ தம்பி. தவக்காலத்து வெள்ளியிலை ஆர் படம் பாக்கிறது?"

"நோட்டீஸ் ஒட்டேக்கை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணை?"

"நீங்கள் படிச்ச ஆக்கள், அறிஞ்சுதானே வைச்சிருப்பியள் எண்டு நினைச்சம்" என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார்.

தலைவர் கையோடு கொண்டுவந்த பஞ்சாங்கத்தைத் திறந்து மறுபடி பார்த்தார். "இராகு காலமும் இல்லையே" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பஞ்சாங்கத்தைக் கடலில் எறிந்திருப்பேன். அவரில் கோபித்து என்ன? அவளுடைய ஊருக்குப் படம் கொண்டுபோக ஒற்றைக்காலில் நின்ற எனக்கு, அவளுடைய வெள்ளிக்கிழமை என்ன கிழமை என்று தெரிந்திருக்கவில்லை. சனத்திடம் கலையைக் கொண்டுபோக வேண்டும் என்று முழங்கியவன் சனத்திடம் ஒரு கேள்வி கேட்டிருக்கவில்லை. அண்ணை சும்மா இருக்க மனமில்லாமல் புரொஜெக்டரை ஓட்டினார். வெறும் வாங்குகளுக்கு முன்னால் சட்டை நடந்தது. தலைவர் நித்திரையாகிவிட்டார்.

கோயில் முடிந்து சனம் திரும்பியபோது அவள் கொட்டில் வாசலில் வந்து நின்றாள். பின்னால் தாய், கையில் செபமாலை. மடுவிலிருந்து முந்தின நாள்தான் வந்திருந்தார்கள்.

"ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே மாஸ்டர்."

"இப்ப ஒருக்கா ஓட்டச் சொல்லட்டோ? உங்களுக்கு மட்டும். அஞ்சாறு நிமிசம்தான்."

அவள் கொட்டிலுக்குள் பார்த்தாள். வேட்டித் திரையை, முன்வாங்கைப் பார்த்தாள். ஆசை முகத்தில் நன்றாகவே தெரிந்தது. "ஏலாது" என்றாள். "உயிர்ப்புப் பெருநாள் வரைக்கும் படம் பாக்கிறேல்லை எண்டு மாதாவிட்டை நேந்துபோட்டு வந்திருக்கிறன். நல்லபடி போய்ச் சேர வேணும் எண்டு. மடுவிலை நாள் கூடிப்போச்சு, இஞ்சை படம் முடிஞ்சிருக்கும் எண்டு நினைச்சன்." பெருநாளுக்கு முன்னமே அவளுக்குப் பிளேன். றீல்களுக்கு அன்றிரவே பஸ்.

பிறகு அவளே சொன்னாள். "பாக்கக்கூடாது எண்டுதான் நேர்ந்தனான். கேக்கக்கூடாது எண்டில்லை. வீடு வரைக்கும் நடந்துகொண்டே சொல்லுங்கோ."

சைக்கிளை உருட்டிக்கொண்டு நான், இரண்டு கை விரிக்கிற ஒரு பாகம் தள்ளி அவள், பின்னால் செபமாலை உருட்டியபடி தாய். இடது பக்கம் கடல். என் வசனத்தைச் சொல்ல வழியில்லை. ஒவ்வொரு சொல்லும் தாய்க்குக் கேட்கும். சொல்லக்கூடியது சட்டையின் கதை மட்டும்தான். சொன்னேன். கொடியை, கம்பத்தை, பொலிஸ்காரனைச் சொன்னேன். நாய்க்கு அவள் சிரித்தாள், தாயும் சிரித்ததுபோல் கேட்டது. அடுத்தது சட்டை கொடிக்குத் திரும்ப வேண்டும். கதை முடியப்போகிறது, வீடோ இன்னும் தூரத்தில் இருக்கிறது. அப்போது அந்தச் சட்டையைத் துறைமுகத்துக்கு அனுப்பினேன்.

"அங்கை ஒரு கப்பல் நிக்குது" என்றேன். "சட்டை அதிலை ஏறுது."

"நான் பாத்த துண்டிலை கடல் இல்லையே."

"அது பின்னுக்கு வருது ரீச்சர்."

கப்பலில் பாய் கிழிந்தபோது சட்டையே பாயாய் நின்று காற்றைப் பிடித்தது. மீன்கள் அதன் பைக்குள் போய் வந்தன. பிறகு பனி கொட்டுகிற ஒரு நாடு. பனியை நான் கண்டதில்லை, பஞ்சு போல என்றேன். அங்கே ஒருவரும் வெளியில் உடுப்புக் காயப்போடுவதில்லை. சட்டை நிற்க ஒரு கொடி இல்லாமல் தெருத்தெருவாய் அலைந்தது. நான் இப்படிச் சொல்லிக்கொண்டு போக அவள் நடை மெல்ல மெல்லக் குறைந்தது. கதைக்கு இடையில் எப்போது என்று தெரியாமல் மாஸ்டர் போய் "நீர்" வந்துவிட்டது. "அதுக்கு ஊர் நினைப்பு வரேல்லையோ, சொல்லும்" என்றாள். வந்தது என்றேன்.

அவள் வீட்டு வாசல் படலையடி வந்துவிட்டது. "கதை முடிஞ்சுதோ தம்பி? விளக்கு வைக்கிற நேரம்" என்றார் தாய்.

"இன்னும் கொஞ்சம் இருக்கம்மா."

அவள் படலையில் கையை வைத்தாள். "மிச்சத்தை வந்து கேக்கிறன்" என்றாள். உள்ளே போனாள். போனவள் பனி நாட்டுக்குத்தான் போனாள்.

அதன் பிறகு அவளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நான் எழுதவில்லை, எழுத எனக்கு விலாசமும் இல்லை. ஆனால் நினைக்காமல் இருந்தேன் என்று சொன்னால் அது பச்சைப் பொய். யாருடைய வளவிலாவது கொடியில் ஒரு சட்டை காற்றுக்குக் கையை ஆட்டினால் சைக்கிளில் போகிற நான் ஒரு காலை ஊன்றி நின்று பார்ப்பேன். எனக்குக் கலியாணம் நடந்தது, மகன் பிறந்தான். இந்தியன் ஆமி வந்தது, போனது. தொண்ணூறோடு கரண்டும் போயிற்று. பகலில் இருட்டைத் தேடி அலைந்த எங்களுக்கு இப்போது ஊர் முழுக்க இருட்டு, படம்தான் இல்லை. அந்த இருட்டில் விளக்கைத் தணித்துவிட்டுப் படுக்கிற நேரங்களில் அந்தச் சட்டை இன்னும் அங்கேதான் அலைகிறது என்று நினைத்துக்கொள்வேன். எனக்கு அவள் வேண்டியிருந்தது. அதைச் சொல்ல வயதோ வெட்கமோ இப்போது தடையில்லை.

தொண்ணூற்றைந்தின் தொடக்கத்தில் சண்டை சில மாதம் நின்றது. வெளிநாட்டில் இருந்த சிலர் கிளாலிக் கடலேரியால் வள்ளம் ஏறி ஊர் பார்க்க வந்தார்கள். ஒரு பின்நேரம் ரியூட்டறி வாசலில் அவள் நின்றாள், ஐந்து வயதில் ஒரு மகளோடு. கொஞ்சம் சதை வைத்திருந்தாள், குரல் அப்படியே இருந்தது. பிள்ளைக்குக் கடல் காட்டப் போவதாகச் சொன்னாள். நானும் சைக்கிளை உருட்டிக்கொண்டு கொழும்புத்துறை வரைக்கும் நடந்தேன். தாய் செத்து இரண்டு வருடம் என்றாள். பின்னால் இப்போது ஒருவரும் வரவில்லை. ஆனாலும் நாங்கள் பழையபடி ஒரு பாகம் தள்ளித்தான் நடந்தோம்.

"அந்தப் படம் அங்கை ஒரு லைப்ரறியிலை கிடந்தது" என்றாள். "எடுத்துப் பாத்தன்."

நான் நின்றுவிட்டேன்.

"முகம் கழுவுற நேரத்துக்குள்ளை முழுப் படமும் முடிஞ்சு போச்சு. சட்டை கடற்கரைக்கே போகேல்லை."

சைக்கிள் மணியைத் தடவிக்கொண்டிருந்தேன். அவள் கோபிக்கவில்லை. "இவளுக்கு நான் சொல்லிக் குடுத்தது நீர் சொன்ன படத்தைத்தான்" என்றாள். "தெரு அலையிறது வரைக்கும். மிச்சம் எனக்குத் தெரியாது, சொன்ன மாமாவைத்தான் கேக்க வேணும் எண்டு வைச்சிருக்கிறன்."

பிள்ளை அதற்காகவே கடல் கடந்து வந்தது போல என் சைக்கிள் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டது.

"மாமா, அந்தச் சட்டை திரும்பி வந்ததோ?"

ஒன்பது வருடமாய் எனக்குள் இருந்த வசனம் அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து கேள்வியாக வந்தது. அவளைப் பார்த்தேன். அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த கிழமை திரும்பிப் போகிறவள். அவளுக்கு அங்கே ஒரு வீடு, ஒரு மனிதன், இந்தப் பிள்ளை. எனக்கு இங்கே ஒரு வீடு.

"இல்லைப் பிள்ளை" என்றேன். "அது அங்கையே நிண்டிட்டுது. அங்கை ஒராளுக்குக் குளிர். அவவுக்கு அது அளவாயும் இருந்தது."

பிள்ளை விடவில்லை. "அவ இப்பவும் அதைப் போடுறாவோ?"

அதற்கு அவள்தான் சொன்னாள், கடலை விட்டு முகத்தைத் திருப்பாமல்.

"ஓம். கடும் குளிருக்கு மட்டும்."

கோயில் மணி அடித்தது. அன்றைக்கும் தவக்காலத்து வெள்ளி. தாயும் மகளும் சிலுவைப்பாதைக்குப் போனார்கள், நான் கொக்குவிலுக்குச் சைக்கிளை மிதித்தேன்.